சாளையில் தொங்கும் சைலன்சரை முதலில் இறக்குங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம், வேலை திருப்பூரில். 2016 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வைத்திருக்கிறேன். 2021-ல் 58 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரிஜினல் சைலன்சருக்குப் பதிலாக, சத்தம் கூடின ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்-பேக் எக்ஸாஸ்ட் மாட்டினேன். இப்போது வீட்டில் ஆறு மாதக் குழந்தை. ராத்திரி ஷிப்ட் முடிந்து கார் தெருமுனை திரும்பும்போதே பாப்பா எழுந்து அழ ஆரம்பித்துவிடுகிறாள். விற்றுவிடலாம் என்று போட்டோ போட்டேன். மூன்று பேர் கேட்கிறார்கள். உக்கடத்தில் பழைய சாமான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பெருந்துறைப் பையன் ஒருவன் தன் 2021 போலோவுக்கு 30 ஆயிரம் தருகிறேன் என்கிறான். சூலூர் ஏர்ஃபோர்ஸில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் பேரமே பேசாமல் 40 ஆயிரம் தருகிறாராம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றிக் கொடுத்தால் தனிக் காசு என்று நண்பர் சொல்கிறார். ஒரிஜினல் சைலன்சர் தோட்டத்துச் சாளைக் கொட்டகையில் தொங்குகிறது. யாருக்குக் கொடுப்பது, என்ன விலை சொல்வது?

பதில்: தம்பி, சூலூர்க்காரரை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அது அவசரம். பொருளைப் பார்க்காமல், பேரம் பேசாமல், மற்றவர்களைவிட மேலே பணம் தருகிறேன் என்று நம்ம ஊரில் யாரும் பழைய இரும்பு வாங்குவதில்லை. ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர லீவு கிடைக்காது, ஆளை அனுப்புகிறேன் என்று தொடங்கும் இந்தக் கதை பழைய சாமான் விற்கும் பலருக்கும் வந்திருக்கிறது. அடுத்து ஒரு அடையாள அட்டை போட்டோ வரும். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு வரும், 'ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்' என்பார். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடத் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். நிஜமாகவே அவர் சூலூரில் இருந்தால் கோபிக்கு வந்து போக அரை நாள் போதும். வரச் சொல்லுங்கள். வர மாட்டார். ஏற்கெனவே ஏதாவது அனுப்பி மாட்டிக்கொண்டிருந்தால் இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் போடுங்கள், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இப்போது பெருந்துறைப் பையன். அவனுக்குக் கொடுக்காதீர்கள். கெட்ட பையன் என்று சொல்லவில்லை. அவன் வண்டிக்கு இது சேராது. உங்கள் 2016 ஜிடியில் இருப்பது 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜின். அவனுடைய 2021 வண்டியில் இருப்பது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே போலோ. அடியில் படுத்துப் பார்த்தால்தான் டர்போவுக்குக் கீழே இறங்கும் பைப்பின் வளைவும், முன் பக்க ஜாயின்ட் இருக்கும் இடமும் வேறு என்று தெரியும். வெட்டி, ஒட்டி, நடுவில் ஒரு துண்டு போட்டு மாட்டிவிடலாம் என்று எந்தப் பட்டறையும் சொல்லும். மாட்டியும் விடுவார்கள். ஆனால் 30 ஆயிரம் கொடுத்தவன் அதற்கு மேல் வெல்டிங் கூலியும் கொடுத்து, கடைசியில் வீடியோவில் கேட்ட சத்தம் தன் வண்டியில் வரவில்லையே என்று உங்களுக்குத்தான் போன் போடுவான். மூன்று சிலிண்டர் சத்தம் வேறு, நாலு சிலிண்டர் சத்தம் வேறு.

இந்த விஷயத்தில் நான் சூடு பட்டவன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் ஹெட்டரை, அதாவது இன்ஜினிலிருந்து புகை இறங்கும் முதல் பைப்பை, நான் நடுவில் நின்று விற்றுக் கொடுத்தேன். வண்டிப் பெயரை மட்டும் கேட்டேன், இன்ஜினைக் கேட்கவில்லை. வாங்கிய மனிதர் மறுவாரம் கரூரிலிருந்து பஸ்ஸில் அதைச் சாக்குப்பையில் சுற்றித் தோளில் சுமந்துகொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார். இன்ஜினோடு சேரும் தகட்டில், ஃபிளேஞ்ச் என்போமே, அதில் போல்ட் ஓட்டை நாலு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பஸ் சார்ஜும் கொடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து எக்ஸாஸ்ட் விஷயத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி வண்டி எது என்பதல்ல, இன்ஜின் எது, எந்த வருடம் என்பதுதான். சத்தத்தைக் கேட்டு வாங்க வருவார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் காசு கொடுப்பது தன் வண்டிக்கு வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே ஏறும் என்பதற்குத்தான். அதனால் நீங்கள் போடும் விளம்பரத்தின் முதல் வரியே 'போலோ ஜிடி, 1.2 டிஎஸ்ஐ, 2016 வண்டியில் இருந்தது' என்று இருக்கட்டும்.

உக்கடத்துக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் தொழில் அது. ஆனால் எடைக்குப் போடுவது கடைசி வழி. ஆறு மாதம் வைத்திருந்தும் விற்கவில்லை, சத்தத்தை அடக்கும் மஃப்ளர் டப்பா உள்ளே எல்லாம் போய்விட்டது, பைப் நசுங்கிவிட்டது என்றால் அங்கே போகலாம். இப்போது வேண்டாம்.

கன்வெர்ட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொன்ன நண்பரிடம் கொஞ்ச நாளைக்கு வண்டிப் பேச்சே பேசாதீர்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை கூடின உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன, அதனால்தான் பழைய கன்வெர்ட்டரைத் தேடி வாங்குகிறார்கள். அந்தக் காசு உண்மை. ஆனால் உங்களுடையது கேட்-பேக். கன்வெர்ட்டருக்குப் பின்னால் தொடங்கி வால் வரை உள்ள பகுதியை மட்டும்தான் 2021-ல் மாற்றியிருக்கிறீர்கள். கன்வெர்ட்டர் கம்பெனி கொடுத்தது, இன்னும் வண்டியில் அப்படியே இருக்கிறது. அதைக் கழற்றினால் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போடும். புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு ஏறி நிற்கும். பின்னால் உட்கார்ந்து வரப்போவது உங்கள் பாப்பா. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் வாங்குபவர் கட்டாயம் கேட்பார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை அளவு மீறினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை தனியாக. இதெல்லாம் சாலையில் ஓட்டும்போது. செக்கிங்கில் நிறுத்தி எழுதுவது ஆளைப் பொறுத்தது, நாளைப் பொறுத்தது. பாலக்காட்டுக்காரர் யாராவது கேட்டால் வாளையாரைத் தாண்டினால் அங்கே மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் எவ்வளவு கெடுபிடி என்பது அவருக்கே தெரியும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 'சாலைக்கு அனுமதி பெற்ற பொருள்' என்று எங்கேயும் எழுதாதீர்கள். கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்கென்றே வண்டியைத் தயார் செய்பவர்கள் கோவையில் இருக்கிறார்கள், அவர்கள் கண்ணில் படும்படி போடுங்கள். ட்ராக் உபயோகத்துக்கு என்று எழுதி, மாட்டுவது வாங்குபவர் பொறுப்பு என்றும் சொல்லிவிடுங்கள். அப்படி எழுதினால் எல்லாவற்றிலிருந்தும் தப்பித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொய் சொல்லி விற்றவர் என்ற பெயர் வராது.

இனி வேலை. சாளையில் தொங்கும் ஒரிஜினலை இறக்கிப் பாருங்கள். இது ஏன் முதல் வேலை என்றால், அது நல்லபடியாக இல்லாவிட்டால் நீங்கள் எதையுமே விற்க முடியாது. கேட்-பேக்கைக் கொடுத்துவிட்டு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவைத்துக்கொண்டு புது சைலன்சருக்கு அலைந்தால் கைக்கு வந்த காசு அதிலேயே போய்விடும். ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் பலவற்றில் நடு பைப்பும் பின் மஃப்ளரும் ஒரே துண்டாக வரும். மாற்றும்போது வெட்டவேண்டிய இடத்தைப் பைப்பிலேயே குறித்து வைத்திருப்பார்கள். 2021-ல் மாட்டியவர் அந்தக் குறியில் நேராக வெட்டியிருந்தால் கவலையில்லை, இரட்டைக் கிளாம்பு போட்டு ஒட்டிவிடலாம். கண்ட இடத்தில் கோணலாகக் கட்டிங் வீல் வைத்திருந்தால் ஒரு சைலன்சர் பட்டறைக்காரரிடம் காட்டி எவ்வளவு செலவாகும் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மஃப்ளரைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் தடுப்புத் தகடு விட்டிருக்கிறது. சாளை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்: வால் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண் கூடு கட்டியிருக்கும், எலி தேங்காய் நாரைக் கொண்டுபோய் அடைத்திருக்கும். ஒரு தடவை நான் ஒரு சைலன்சரைத் தட்டினபோது உள்ளேயிருந்து அரைப்படி நிலக்கடலைத் தோல் கொட்டியது.

அது சரியாக இருக்கிறது என்றானபின், கேட்-பேக் வண்டியில் இருக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். கழற்றிவிட்டால் சத்தத்தைக் காட்ட வழியே இல்லை. காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது முதல் ஸ்டார்ட், பத்து நிமிடம் கழித்து சூடான பின் ஐடிலிங், அப்புறம் மெதுவாக மூவாயிரம் ஆர்பிஎம் வரை ஒரு தடவை. போனை வால் பைப்புக்கு நேராக வைக்காதீர்கள், சத்தம் உடைந்து கேட்கும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தும் ஒன்று எடுங்கள். பெருமாநல்லூர் பைபாஸில் எண்பது, தொண்ணூறில் போகும்போது உள்ளே ஒரு 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வருமே, அது இருந்தால் அதையும் காட்டுங்கள். வாங்குபவர் மாட்டியபின் கண்டுபிடிப்பதைவிட இது நல்லது.

ஒழுகல் பார்க்கப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறையோடு, மடித்த ஈரத்துணியால் வால் பைப்பை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடிக்க ஒருவரைச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் குனிந்து ஜாயின்ட்டுகளில் 'புஸ்' என்று சத்தம் வருகிறதா கேளுங்கள். வெளியில் வைத்துச் செய்யுங்கள், மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம்.

கழற்றுவதை நீங்களே செய்ய வேண்டாம், ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுக்கும் வேலை அது. ரேம்ப் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் நீங்கள் செய்யலாம்: முந்தின நாள் பொழுதோட, வண்டி நன்றாக ஆறிய பிறகு, தெரியும் நட்டுகளுக்கெல்லாம் துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் ஸ்டட் முறியும். ஒரு ஸ்டட் முறிந்தால் அன்றைய மதியம் முழுக்க அதற்கே போகும். தொங்கும் ரப்பர்களைக் கத்தி வைத்து அறுக்க விடாதீர்கள், சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு வரும். கழன்ற கிளாம்பு, போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அந்தந்த பைப்பிலேயே கட்டிவிடுங்கள். இந்தக் கவரும், 2021 பில்லும் இருந்தால் விலையில் இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாக வாங்கலாம் என்பது என் அனுபவம். பில்லில் உங்கள் பெயர், போன் நம்பரை மறைத்துப் போட்டோ எடுங்கள்.

அப்புறம் ஸ்டீல். எல்லோரும் '304 கிரேடு' என்று எழுதுகிறார்கள், அவர்களில் பாதிப் பேர் யாரோ சொன்னதை எழுதுகிறவர்கள். ஒரு காந்தம் எடுத்துப் பாருங்கள். 304-ல் ஒட்டாது, வளைவிலும் வெல்டிங் பக்கத்திலும் லேசாக இழுக்கலாம். நன்றாகப் பச்சக்கென்று ஒட்டினால் பெரும்பாலும் 409. ஒட்டிவிட்டதே, மட்டமான சாமானா என்று மனம் உடைய வேண்டாம், 409-ம் சைலன்சருக்கென்றே உள்ள ஸ்டீல்தான், என்ன, மேலே கொஞ்சம் பழுப்பு பூக்கும். ஒட்டவில்லை என்றாலும் உடனே 304 என்று எழுதிவிடாதீர்கள். பாத்திரக்கடையில் கிடைக்கும் 200 வரிசை ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. பில்லில் இருப்பதை எழுதுங்கள். பில்லில் இல்லையென்றால் 'காந்தம் ஒட்டவில்லை' என்று மட்டும் எழுதுங்கள், விவரம் தெரிந்தவருக்கு அது போதும்.

போட்டோவுக்காக முழுசையும் பாலிஷ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சூட்டில் ஸ்டெயின்லெஸ் வைக்கோல் நிறமும் நீலமும் ஏறுவது இயல்பு. அதைத் தேய்த்து எடுத்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். சேற்றைக் கழுவி, வால் முனையை மட்டும் துடைத்தால் போதும். கோபி பக்கத்து வேகத்தடைகளில் அடி வாங்காமல் எந்த வண்டியும் இருக்காது, உங்கள் பைப்பின் அடியிலும் நசுங்கல் இருக்கும். அதற்குப் பக்கத்தில் டேப் வைத்துப் படம் எடுங்கள். பைப்பின் வெளி விட்டத்தையும் அப்படியே அளந்து காட்டுங்கள். இரண்டரை இஞ்ச் என்றால் 63.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குதிரைசக்தி எவ்வளவு கூடியது என்று கேட்பார்கள். டர்போ வண்டியில் கேட்-பேக் மட்டும் மாற்றினால் கிடைப்பது சொற்பம், சத்தமும் கொஞ்சம் எடைக் குறைவும்தான் மிச்சம். இன்ஜின் சக்தியை மெஷினில் அளந்து கொடுக்கும் டைனோ தாள் கையில் இல்லாமல் ஒரு எண்ணையும் சொல்லாதீர்கள்.

விலைக்கு வருவோம். 58 ஆயிரத்தை மறந்துவிடுங்கள், அதில் மாட்டிய கூலியும் கடைக்காரர் லாபமும் உண்டு. இத்தனை வருடம் ஓடியது, மஃப்ளருக்குள் சத்தத்தை அடக்க அடைத்திருக்கும் கம்பளி போன்ற நார் கொஞ்சம் எரிந்திருக்கும், அதனால்தான் முன்னைவிடச் சத்தம் கரகரப்பாக இருக்கும். பாப்பா எழுந்துகொள்வதில் அதற்கும் பங்கு உண்டு. இன்னொரு பக்கம், போலோவை இந்தியாவில் 2022-லேயே நிறுத்திவிட்டார்கள். வைத்திருப்பவர்கள் அதை விடாமல் வைத்திருக்கும் ஆட்கள், அவர்களுக்குப் பொருத்தமான சாமான் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. நானாக இருந்தால் 27 என்று சொல்லி 22-க்கு முடிப்பேன். ஒழுகலோ பெரிய நசுங்கலோ இருந்தால் 16, 17. காரோடு சேர்த்து விற்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய கார் வாங்க வருகிறவர் குடும்பத்தோடு வருவார், இந்தச் சத்தத்தைக் கேட்டதும் வண்டியை ஓட்டித் தள்ளியிருக்கிறார்கள் என்று நினைத்து விலையைக் குறைப்பார்.

ஆள் கிடைத்து வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தால், முழுப் பணமும் கணக்கில் ஏறியதை வங்கி ஆப்பில் பார்த்த பிறகு கட்டுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். திருப்பூரில் வேலை பார்க்கிறீர்கள், பேக்கிங்குக்கு நீங்கள் காசு செலவழித்தால் எனக்குக் கோபம் வரும். பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை போதும். இரண்டு முனைகளிலும் துணியைத் திணித்து அட்டை வைத்து டேப் சுற்றுங்கள், வால் முனைக்கு இரண்டு சுற்று கூடுதலாக. நடுவில் கிளாம்பைக் கழற்றி இரண்டு துண்டாக்கிவிடுங்கள். நீளம் குறைந்தால் பார்சல் கூலியும் குறையும், லாரியில் மேலே மூட்டை ஏறி வளைவதும் குறையும். அட்டைப் பெட்டிக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கட்டுவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் ஒரு வீடியோ எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒரிஜினலை மாட்டும் அன்று புது கேஸ்கெட் போடச் சொல்லுங்கள், பழையதைத் திருப்பிப் போட வேண்டாம். தொங்கும் ரப்பர்கள் இத்தனை வருடத்தில் வெடித்திருக்கும், அவற்றையும் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. மாட்டிய பிறகு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கிளாம்புகளை இன்னொரு தடவை முறுக்க வேண்டும், அதை மறந்துதான் பாதிப் பேர் மறுபடி வருகிறார்கள். குன்னத்தூர் வழியாகத் திருப்பூர் போய்வந்தாலே அந்தத் தூரம் ஓடிவிடும். கோவைப் பக்கம் வருவதாக இருந்தால் கணபதியில் என் பட்டறைக்கே கொண்டுவாருங்கள், ஞாயிறு மதியம் வரை இருப்பேன். வரும்போது அந்த ஒரிஜினலைப் பின் சீட்டில் போட்டு வாருங்கள், குளவிக்கூட்டைத் தட்டிவிட்டு.